எழுந்து நின்ற அவை

தோல் ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் மூவரும் சாகவில்லை, ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள் என்று அமைச்சர் அவையில் சொல்லிவிட்டார். அதுவே முடிவானால் அந்தக் குடும்பங்களுக்கு எந்த உதவியும் கிடையாது. தன் கட்சியின் ஒரே உறுப்பினரான சிலம்பாயி மறுத்துப் பேசினார்.

“உங்கள் பக்கம் பத்துப் பேர் எழுந்து நிற்கட்டும் அம்மா, பிறகு பார்க்கலாம்,” என்றார் பேரவைத் தலைவர். அவை சிரித்தது.

சிலம்பாயி தலை குனிந்து, இரங்கல் தீர்மானம் வாசிக்கும் குரலில் தொடங்கினார். “மறைந்த காத்தவராயன், மறைந்த இருளப்பன், மறைந்த சந்தனம்...”

கண்ணயர்ந்திருந்த முதலமைச்சர் பழக்கத்தில் எழுந்து நின்றார். அவர் நிற்கும்போது எந்த அமைச்சர் உட்கார்ந்திருப்பார்? ஆளுங்கட்சி முழுவதும் எழுந்தது. பேரவைத் தலைவரும் எழுந்தார்.

“ஓடிப்போனவர்களுக்கா ஐயா இந்த மௌன அஞ்சலி?” என்று கேட்டார் சிலம்பாயி.

முதல் ஆளாக உட்கார ஒருவரும் துணியவில்லை.