மன்றச் சுவரில் எதுவரை தண்ணீர்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. ஆகவே குரு சீடரை "அண்ணே" என்பார். சீடர் குருவை "டீச்சர்" என்பார். பார்க்கிறவர்கள் குழம்பினார்கள். அவர்கள் குழம்பவில்லை.

குரு மரியபுஷ்பம், சுவரோவியம் கற்பிப்பவர். சீடர் பொன்னுரங்கம், லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தவர்.

அந்த நகரத்தின் மாநகராட்சி புதிதாக மன்றக் கூடம் கட்டியது. 'ஊரும் ஏரியும்' என்று தலைப்பு கொடுத்து, கூடத்தின் பெரிய சுவரை டீச்சரிடம் ஒப்படைத்தது. டீச்சர் அதைச் சீடரிடம் விட்டார்.

பொன்னுரங்கத்தின் வீடு ஏரிக்கரைத் தெருவில் இருந்தது. போன ஐப்பசியில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏரி மதகைத் திறந்துவிட்டார்கள்; தெரு மூழ்கியது. அவர் அதைத்தான் வரைந்தார். அன்றைக்குத் தண்ணீரில் நின்ற மாதிரியே தெருக்காரர்கள் அவர் முன்னால் வந்து நின்று காட்டினார்கள். ஆட்களைத் தலை முதல் கால்வரை முழுதாக வரைந்து முடித்து, கடைசியில் கலங்கல் தண்ணீரை அவர்கள் கழுத்துவரை ஏற்றினார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை, பொறியாளரும் அந்த வார்டு கவுன்சிலரும் பார்வையிட வந்தார்கள்.

பொறியாளருக்கு டெண்டர் வாசிக்கிற குரல். "வெள்ள அறிக்கையின்படி நீர்மட்டம் முழங்கால் அளவு. உயிர்ச்சேதம் ஏதுமில்லை. மேற்படி படம் அறிக்கைக்கு முரணாக உள்ளது."

கவுன்சிலர் மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிறவர். "முழங்காலாம். யாரு முழங்காலு? பனைமரத்து முழங்காலா? என் மக்கள் மூழ்கினாங்க, மூழ்கினாங்கன்னு ஆறு மாசமா கத்துறேன். தலைக்கு மேல போடுங்க."

"தலைக்கு மேல போட்டா ஆளே தெரியாதே தலைவரே," என்றார் பொன்னுரங்கம்.

"ஆளு எதுக்கு? தண்ணி தெரிஞ்சா போதும்."

"இடுப்புன்னா பரிசீலிக்கலாம்," என்றார் பொறியாளர்.

"நெஞ்சு. அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்."

கத்தரிக்காய்க்குக்கூட யாரும் அப்படிப் பேரம் பேசியதில்லை. பொறியாளர்தான் முதலில் களைத்தார். வெள்ளையடிக்கும் ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு, வாளியோடு வாசலில் நிற்க வைத்தார்.

"சாயங்காலம் ஆணையர் மேடம் வர்றாங்க. முழங்காலுக்கு இறக்குங்க. இல்லேன்னா வெள்ளைதான்."

பொறியாளரும் கவுன்சிலரும் போன பிறகு சீடர் கேட்டார்: "டீச்சர், தண்ணிய எதுவரைக்கும் போடட்டும்?"

டீச்சர் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து அவர் கையில் கொடுத்தார். "துடைங்கண்ணே. இன்னும் ஈரமாத்தான் இருக்கு, வந்துடும்."

"எதுவரைக்கும்?"

"முழுசா."

"முழங்கால் அளவுகூட வேணாமா?"

"கணுக்கால் அளவுகூட வேணாம்."

பொன்னுரங்கம் துணியைப் பார்த்தார்.

"எங்க தெருவுல எமிலின்னு ஒரு பொண்ணு இருக்கு, டீச்சர். அது பையன் செத்ததைக் காய்ச்சல்னு எழுதிட்டானுங்க. சுவத்துல இருக்கும்மா, நாளைக்கு வந்து பாருன்னு சொல்லியிருக்கேன். வந்து எதைப் பார்க்கும்?"

டீச்சர் வாசலில் இருந்த வாளியைப் பார்த்தார்.

"பயந்துட்டீங்களா?"

"ஆமா."

இதைச் சீடர் எதிர்பார்க்கவில்லை.

"வாசல்ல வாளி நிக்குது, பயம் இல்லாம இருக்குமா," என்றார் டீச்சர். "துடைங்க. ஆளுங்க மேல மட்டும் கைவைக்காதீங்க."

அவர் துடைத்தார். பழுப்புத் தண்ணீர் துணியில் இறங்கியது, துணியிலிருந்து வாளிக்குப் போனது. மதியம் மறுபடி எட்டிப்பார்த்த கவுன்சிலர், "வெல போயிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். பொன்னுரங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிச் சொட்டையும் துடைத்து, நாலடி பின்னால் வந்து, நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் டீச்சரிடம் எதுவும் கேட்கவில்லை.

மாலையில் ஆணையர் வந்தார். பொறியாளர் அவருக்கு முன்னால் ஓடிப்போய் விளக்குகளைப் போட்டார்.

"அறிக்கையைவிட நல்லா வந்திருக்கு மேடம். ஒரு சொட்டு இல்ல. ஊரே காய்ஞ்சு கிடக்கு."

ஆணையர் பார்த்தார். "ஏன் எல்லாரும் கையைத் தூக்கியிருக்காங்க?"

"மன்றக் கூடம் இல்லையா மேடம். தீர்மானம் ஏகமனதா நிறைவேறுது."

ஆணையருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே சுவருக்குப் பக்கத்தில் போனார்.

காய்ந்த தரையில் ஒரு தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தது. ஒருவர் தலைக்கு மேல் கேஸ் சிலிண்டர். ஒரு பெண் பாடப்புத்தகக் கட்டை இரண்டு கையாலும் உச்சியில் பிடித்திருந்தாள். அதற்கப்புறம் பிள்ளைகள். எல்லாப் பிள்ளைகளும் பெரியவர்களின் தூக்கிய கைகளில் இருந்தார்கள். ஒரு தகப்பன் கைக்கு ஒன்றாக இரண்டு பேரைத் தாங்கியிருந்தான். அத்தனை பேருடைய மோவாயும் மேலே ஏறியிருந்தது, வாய் மூடியிருந்தது.

பார்த்துக்கொண்டே நடந்த ஆணையரின் மோவாயும் அவரறியாமல் கொஞ்சம் ஏறியது.

"தீர்மானத்துக்கு எதுக்கு சிலிண்டர்?" என்றார்.

ஆணையர் சுவரின் ஓரத்துக்கு வந்துவிட்டார். அங்கே ஒரு பெண் குதிகாலை உயர்த்தி, கால்விரல் நுனியில் நின்றாள். அவள் இரண்டு கையும் மற்றவர்களுடையதைவிட உயரத்தில் இருந்தது.

"இந்தம்மா கையில ஒண்ணும் இல்லையே."

"இருந்தான் மேடம்," என்றார் பொன்னுரங்கம்.

வாசலில் நின்ற இருவரில் ஒருவர் வாளியைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஆணையர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியாளருக்கு டெண்டர் குரல் போய்விட்டது. "சின்னத் திருத்தம்தான் மேடம். எல்லார் கையையும் கொஞ்சம் இறக்கிட்டா சரியாயிடும். காலையில விழா இருக்கு, இப்பவே முடிச்சுடலாம். டீச்சர், இறக்குங்க."

மரியபுஷ்பம் தூரிகையை எடுத்தார். வண்ணத்தில் தோய்த்தார். ஏணியைச் சுவரில் சாய்த்து, இரண்டு படி ஏறி நின்று திரும்பினார்.

"இறக்கிடலாம் சார். அடுத்தது எந்தப் பிள்ளைன்னு மட்டும் நீங்க தொட்டுக் காட்டுங்க."