உருளைக்கிழங்குப் பீரங்கிக்குக் கைவைத்தது யார்

மோர்க்குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுத்தான் சடையப்பன் அன்று காலை அரண்மனைக்குப் புறப்பட்டார். "சாயங்காலம் வந்து போட்டுக்கொள்கிறேன், யாரும் கை வைக்காதீர்கள்" என்றும் சொன்னார். அவர் திரும்பி வரவில்லை.

இது நடந்தது, கப்பல்காரர்கள் உருளைக்கிழங்கை மூட்டை மூட்டையாக இறக்கி, "இது கல் இல்லை ஐயா, தின்னலாம்" என்று சத்தியம் செய்து விற்ற காலத்தில். கடலோரமாக ஒரு நாடு. அதற்குப் பூபாலசிங்கர் என்றொரு மன்னர். அவர் சபையில் மாசிலாமணி என்றொரு விகடகவி. சடையப்பன் அந்த மாசிலாமணியின் அண்ணன், அரண்மனைக்குப் பீரங்கி வார்ப்பவர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பீரங்கி எதுவானாலும் முதல் முறை சுடும்போது, அதைச் செய்தவன் அதன் முதுகில் கை வைத்தபடி நிற்கவேண்டும். செய்தவனுக்கே நம்பிக்கை இல்லாத பீரங்கியை மன்னர் எப்படி நம்புவார்? இதற்குக் கைவைப்பு என்று பெயர். சடையப்பன் முப்பது பீரங்கிகளுக்குக் கை வைத்தவர். முப்பத்தொன்றாவதை ஒரு படி வெடிமருந்துக்காக வார்த்திருந்தார். கோட்டை மைதானத்தில் திருவிழாக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கலாமே" என்று மன்னரின் மேடையிலிருந்து ஒரு குரல் கேட்டது. இரண்டாவது படியும் உள்ளே போயிற்று. பீரங்கி வெடித்துச் சிதறியது. அவ்வளவுதான்.

ஆறு மாதம் மாசிலாமணி சபைக்கு வந்தான், உட்கார்ந்தான், எழுந்து போனான். ஒரு சிரிப்புக்கூட அவனிடமிருந்து வரவில்லை. படைத்தலைவரான தளவாய் திருமேனிநாதருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. முன்பெல்லாம் அவர் பேச வாயெடுத்தாலே மன்னர் மாசிலாமணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். இப்போது தளவாய் சொல்வதை முழுசாகக் கேட்டார்.

ஒருநாள் ஒரு கப்பல் தலைவன் மன்னருக்கு ஒரு கூடை உருளைக்கிழங்கைக் காணிக்கையாக வைத்துவிட்டு, "எங்கள் ஊரில் இதைக் குழாயில் போட்டுச் சுட்டு விளையாடுவோம், மகாராஜா. வீட்டுக்கு வீடு ஒன்று வைத்திருப்போம்" என்று சொல்லிவிட்டான்.

மன்னர் சிம்மாசனத்தின் நுனிக்கு வந்தார். "கிழங்கையா? சுடுவதா?"

அன்று முழுக்க அவருக்கு வேறு பேச்சே இல்லை. எல்லைத் தகராறு என்று வந்தவர்களிடம் கிழங்கு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். கடைசியில் ஆணை பிறந்தது: ஏழு நாளில் உருளைக்கிழங்கைச் சுடும் பீரங்கி ஒன்று வேண்டும், மன்னர் தம் கையாலேயே சுடுவார்.

தளவாய் எழுந்தார். "பீரங்கியை அடியேன் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சடையப்பன் போனபின் கை வைக்க ஆளில்லை. அண்ணன் வேலை தம்பிக்கு வருவதுதானே முறை? மாசிலாமணி கை வைக்கட்டும்."

"சரிதானே" என்றார் மன்னர். அவர் மனமெல்லாம் கிழங்கில் இருந்தது.

தளவாய் புன்னகையோடு மாசிலாமணியைப் பார்த்தார். "ஏன் கவியே, கை நடுங்குகிறதா? மறுப்பதானால் இப்போதே சொல்லலாம். அரச ஆணையை மறுத்தவன் நாட்டில் இருக்க முடியாது, அவ்வளவுதான்."

"நடுங்கவில்லை, தளவாய் அவர்களே. வழக்கம் எப்படியோ அப்படியே செய்கிறேன்" என்றான் மாசிலாமணி. 

மறுநாள் பட்டறைப் பக்கம் போனான். தளவாயின் ஆட்கள் இரண்டு பித்தளைத் துண்டுகளை ஈயம் ஊற்றி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இருந்தால் ஒட்டுப் போட்ட குழாயில் தண்ணீர்கூட ஊற்றமாட்டார். மாசிலாமணி நேரே சந்தைக்குப் போய், கனத்த மூங்கில் ஒன்றும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் மூங்கில் குழலில் சுண்டைக்காய் அடைத்து, பின்னாலிருந்து குச்சியால் குத்தி, ஊரில் போவோர் வருவோரையெல்லாம் அடித்திருக்கிறார்கள். நெருப்பு இல்லை, மருந்து இல்லை, உள்ளே அடைபட்ட காற்றுதான் தள்ளும். சுண்டைக்காய்க்கு வேலை செய்தது கிழங்குக்குச் செய்யாதா?

முதல் நாள் மூங்கில் விரிந்தது. அடுத்ததை ஈரக் கயிற்றால் வரிந்து வரிந்து கட்டினான். குழலின் விளிம்பைச் சீவி, கிழங்கில் அழுத்தினால் அதுவே சரியான அளவில் வெட்டிக்கொள்ளும்படி செய்தான். முன்வாயில் ஒரு துண்டு, பின்வாயில் ஒரு துண்டு. நுனியில் துணி சுற்றிய தடியால் பின்துண்டை ஓங்கித் தள்ளினான். 'டொப்' என்றது. முன்துண்டு பறந்துபோய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் வேட்டியோடு சேர்ந்து கிணற்றில் விழுந்தது.

அவன் மனைவி வடிவு வாசலில் வந்து நின்றாள். "ஏங்க, அந்த வேட்டிக்குள்ள அவரு இருந்திருந்தா?"

நல்ல கேள்வி. மாசிலாமணி ஓலை எடுத்து எழுதினான்: கிழங்கு போகும் வழியில் ஆளோ மாடோ நிற்கக்கூடாது. குழலின் வாய்க்குள் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது, சுட்ட பிறகும் கூடாது. விரிசல் கண்டால் அந்த மூங்கில் அன்றே அடுப்புக்கு. அதில் நெருப்போ மருந்தோ எந்தக் காலத்திலும் சேரக்கூடாது.

"இதையும் எழுதுங்க" என்றாள் வடிவு. "சுட்ட கிழங்கைப் பொறுக்கிட்டு வந்து பொண்டாட்டியைப் பொரியல் பண்ணச் சொல்லக்கூடாது. நாலு நாளா இதையேதான் திங்கிறோம்."

ஏழாம் நாள் கோட்டை மைதானத்தில் எல்லோரும் கூடினார்கள். வெயிலில் தளவாயின் பீரங்கி தங்கம்போல் மின்னியது. சுற்றிலும் யாளி முகங்கள், மாலைகள். மன்னர் அதைத் தடவிப் பார்த்துப் பூரித்தார்.

"மாசிலாமணி, வாரும், கையை வையும்" என்றார்.

மாசிலாமணி முன்னால் வந்து வணங்கினான். "வைக்கிறேன், மகாராஜா. ஒரே ஒரு மனக்குறை. கை வைத்தவன்தான் செய்தவன் என்று ஊர் நினைக்கும். இவ்வளவு அழகான பீரங்கியின் புகழ் நாளைக்கு எனக்கு வந்து சேர்ந்துவிடுமே. தளவாய்க்கு அது நியாயமா?"

தளவாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பக்கத்தை அவர் யோசித்திருக்கவில்லை. "அதெப்படி?" என்று முன்னால் பாய்ந்து வந்தார். "யாளி முகம் முதல் அடிக்கட்டை வரை என் யோசனை, என் வேலை. இந்த விகடகவி ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. சபையோர் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள், இதைச் செய்தது நான்."

"கேட்டுக்கொண்டோம்" என்றான் மாசிலாமணி. "வழக்கம் எப்படியோ அப்படிச் செய்வதாகத்தான் நானும் சொன்னேன். செய்தவர் கை வைக்கவேண்டும் என்பது வழக்கம்." சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான்.

 மன்னர் தாடியைத் தடவினார். "ஆமாம், அதுதானே வழக்கம். தளவாய், வையும்."

தளவாய் பீரங்கியைப் பார்த்தார். ஈயம் ஊற்றிய இடத்தைப் பார்த்தார். "மகாராஜா, எனக்கு வலது தோளில் நேற்றிலிருந்து வாயுப் பிடிப்பு."

"இடது கையை வையும்."

"வைக்கலாம். மருந்து இரண்டு படி போட்டிருக்கிறது. கிழங்குக்கு அவ்வளவு எதற்கு? ஒரு படி போதும்."

ஒரு படியை வெளியே எடுத்தார்கள். தளவாயின் கை பாதி தூரம் போய் நின்றது. "அரைப்படி போதுமென்று தோன்றுகிறது." அரைப்படியும் வெளியே வந்தது. "ஒரு கைப்பிடி போட்டாலே..." என்று இழுத்தார். அவர் நெற்றி வியர்வை பட்டு அங்கவஸ்திரம் நனைந்துவிட்டது.

"தளவாய் அவர்களே, மருந்தே இல்லை என்றால்?" என்று கேட்டான் மாசிலாமணி.

"மருந்தே இல்லை என்றால் இரண்டு கையையும் வைக்கிறேன்" என்றார் தளவாய், நெஞ்சின் அடியிலிருந்து.

மன்னர் சிரிக்க ஆரம்பித்தார். கிரீடம் நழுவியதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு மாதமாகச் சிரிக்காத சபையும் சேர்ந்துகொண்டது.

"அப்படியானால் தளவாய் விருப்பப்படியே ஆகட்டும்" என்ற மாசிலாமணி, துணியில் சுற்றி வைத்திருந்த மூங்கிலை எடுத்து வந்தான். "மருந்தில்லாத பீரங்கி. இதைச் செய்தவன் நான்."

ஓலையில் எழுதியதை உரக்கப் படித்தான். எதிரே நின்றவர்களை ஓரம் கட்டினான். கிழங்கை இரு வாயிலும் அழுத்தி அடைத்து, தடியை மன்னர் கையில் கொடுத்தான். பிறகு மூங்கிலின் முதுகில் வலது கையை வைத்தான். இப்படித்தான் அண்ணன் நின்றிருப்பார், உள்ளங்கையை முழுசாக விரித்து. கண்ணை மூடவேண்டும்போல் இருந்தது. மூடவில்லை.

மன்னர் தள்ளினார். 'டொப்'. கிழங்கு மாலை வெயிலில் வளைந்து பறந்து, தூரத்தில் கட்டியிருந்த பட்டத்து யானைக்கு முன்னால் விழுந்தது. யானை அதை எடுத்து முகர்ந்து, வாயில் போட்டுக்கொண்டு, அடுத்தது எங்கே என்பதுபோல் துதிக்கையை நீட்டியது.

அளந்து பார்த்தார்கள். அறுபது முழம்.

மூட்டை தீரும்வரை மன்னர் சுட்டார். பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்து, "என்ன வேண்டுமோ கேளும், மாசிலாமணி. பொன்னா, நிலமா?" என்றார்.

"கைவைப்பு வழக்கத்தில் ஒரு சின்ன மாற்றம், மகாராஜா. இனிமேல் செய்தவன் கை வேண்டாம். சுடச் சொல்கிறவர் கை இருக்கட்டும்."

 மன்னர் மேடை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். திருவிழாவன்று கேட்ட குரல் யாருடையது என்று அந்த மைதானத்தில் யாரும் பேசியதில்லை. மாசிலாமணியும் இப்போது பேசவில்லை. மன்னர் கணையாழியைக் கழற்றி அவனுடைய விரலில் போட்டார். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, ஆசை விடாமல், "இந்தக் கிழங்கு அறுபது முழத்துக்கு மேல் போகாதா?" என்று கேட்டார்.

"போகும், மகாராஜா. ஒரு கைப்பிடி மருந்து போட்டால் நூறு முழம் போகும். தாங்கள் கையை வையுங்கள்."

மன்னர் தம் வலது கையை உயர்த்தி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அடக்கமுடியாமல் சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. அது சிரிப்பால் வந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"அறுபது போதும்" என்றார்.

அந்த ஊரில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு மூங்கில் குழல் வைத்திருக்கிறார்கள். கிழங்கு அறுபது முழம்தான் போகிறது.