விழுங்காத கவளம்

"அவ வச்ச குழம்போட ருசி நெனப்புக்கு வரமாட்டேங்குது, சாமி."

பேருந்து ஓட்டிய காலமெல்லாம் அதட்டியே பேசிய இருளப்பனின் குரல் மடத்து அடுப்படியில் கம்மிப்போயிருந்தது.

சாமி அவரைவிட வயதில் இளையவர். முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு வச்சது?"

"அங்கம்மா. என் வீட்டுக்காரி. போன ஆடியில போய்ச் சேந்துட்டா. முகம் நெனப்பிருக்கு. குரல்கூட நெனப்பிருக்கு. ருசி மட்டும் இல்ல. அது திரும்பி வர்ற மாதிரி ஏதாவது தியானம் சொல்லிக்கொடுங்க."

"எப்படிச் சாப்பிடுவீங்க, டிரைவரே?"

"வண்டி எடுக்கிற அவசரம். குழம்ப நெறைய ஊத்தி, தண்ணியாப் பெசஞ்சு உள்ள தள்ளிருவேன். லீவு நாள்லயும் அதே பழக்கந்தான். பக்கத்துல உக்காந்து, 'எப்படி இருக்கு?'ம்பா. நான் அதுக்குள்ள கை கழுவிக்கிட்டு இருப்பேன்."

சாமி பானையிலிருந்து ஒரு கவளம் வெறுஞ்சோறு எடுத்து அவர் கையில் வைத்தார். உப்புக்கூட இல்லை.

"மெல்லுங்க. நான் சொல்ற வரைக்கும் முழுங்கக் கூடாது."

இருளப்பன் வாயில் போட்டார். தொண்டை தன் பழக்கப்படி இழுத்துக்கொண்டது.

"போயிருச்சு, சாமி."

"பின்னால யாரும் ஹாரன் அடிச்சாங்களா?"

இன்னொரு கவளம். அதுவும் போயிற்று.

அடுத்ததைக் கன்னத்தில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மென்றார். சோறு கூழாயிற்று. சப்பென்று இருந்தது. தாடை வலித்தது. விட்டுவிடலாமா என்று நினைத்தபோது நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது.

சாமியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இனிக்குது. சர்க்கரை போட்டீங்களா?"

சாமி பானையைச் சாய்த்துக் காட்டினார்.

"உங்க எச்சில் பட்டு வந்த இனிப்பு. சோறு வாயிலயே செரிக்க ஆரம்பிச்சிருது."

"எல்லாச் சோறுமா?"

"எல்லாச் சோறும்."

"அவ போட்டதும்?"

சாமி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இருளப்பன் பானையைத் தன் பக்கம் இழுத்தார். தானே ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

கீரை முழுவதும் ஆய்ந்து முடிந்தது. அவர் தாடை அசைந்துகொண்டே இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் சாமி.

இருளப்பன் கண்ணைத் திறக்கவில்லை.

"பொறு புள்ள," என்றார், வாய்ச் சோற்றோடு. "இன்னும் முழுங்கல."