காலேப் எழுந்து பேசிய நாள்

மாசச்சூசெட்ஸ் கடற்கரையில் பெல்டன் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே தபிதா என்று ஒரு ஞானி இருந்தாள். பாதிரியும் பாட்டும் மணியோசையும் இல்லாமல், வெறும் மௌனத்தில் அமர்ந்து கடவுளுக்காகக் காத்திருக்கும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவள். கவர்னர் வந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவாள். மீன் விற்கிறவளுக்கும் அதே 'நீ'. அமெரிக்காவுக்கு விடுதலை கிடைத்து ஒரு தலைமுறைகூட முழுதாக ஆகவில்லை. அங்கே பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அதனாலேயோ என்னவோ, ஊரில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு கட்சிக்காரர்களும் யோசனை கேட்டு அவள் கதவைத் தட்டுவார்கள்.

அவளுடைய சீடர்களில் ஏனோக் அவளைவிட மூத்தவன். ஐம்பதைத் தாண்டியவன். படகு கட்டுகிறவன். இருந்தும் அவளை 'அம்மா' என்றுதான் அழைப்பான்.

ஒரு கோடைக் காலையில் வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கூடை பாதி காலியானபோதுதான் வாய் திறந்தான்.

"அம்மா, இந்தக் கட்சிகள் எப்போது ஒழியும்?"

"ஒழிந்தால் உனக்கு என்ன கிடைக்கும்?"

"என் அண்ணன் கிடைப்பான்."

அவள் கை நின்றது. பிறகு மறுபடி உரிக்கத் தொடங்கியது.

அண்ணன் பெயர் காலேப். இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நடந்த போரில் அண்ணனும் தம்பியும் ஒரே கம்பளிக்குள் படுத்தவர்கள். ஏனோக்குக்கு அம்மை கண்டபோது, ஒட்டிக்கொள்ளும் என்று ஆளாளுக்கு விலகி ஓடினார்கள். காலேப்தான் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்து, ஒரு பண்ணை வீட்டில் சேர்த்தான். போர் முடிந்து ஊர் திரும்பி இருவருமாக ஒரே பட்டறை வைத்தார்கள். ஒரே உலையில் சமைத்தார்கள்.

அப்புறம்தான் கட்சி வந்தது. புது நாட்டை யார் ஆள்வது, எப்படி ஆள்வது, இங்கிலாந்தோடு ஒட்டுவதா பிரான்ஸோடு ஒட்டுவதா என்று தலைநகரத்தில் பெரிய மனிதர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்தப் பிளவு பத்திரிகைகளில் ஏறி ஊர் ஊராக வந்தது. காலேப் இங்கிலாந்துப் பக்கம் சாய்ந்த கூட்டாட்சிக் கட்சியில் சேர்ந்து தொப்பியில் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டான். ஏனோக் பிரான்ஸ் பக்கம் சாய்ந்த குடியரசுக் கட்சியில் சேர்ந்து அந்த நாட்டுக் கொடியின் மூவர்ண ரிப்பன் குத்திக்கொண்டான். முதலில் சாப்பாட்டு மேசையில் சத்தம். பிறகு மேசை இரண்டானது. பிறகு பட்டறையும் இரண்டானது. அவர்கள் அம்மா செத்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தை ஒருவனும் பின்பக்கத்தை ஒருவனும் தூக்கினார்கள். குழிக்குள் இறக்கினார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஆளுக்கொரு பாதையில் வீடு திரும்பினார்கள்.

அதற்கப்புறம் பேச்சே இல்லை.

சந்தையில் எங்காவது காலேப் இருமினால் ஏனோக்குக்குத் தெரிந்துவிடும். திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் அந்த இருமல் தெருக்கோடியில் தேய்ந்து மறையும்வரை, வாங்க வேண்டியது எதுவும் இல்லாத கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பான்.

இதெல்லாம் தபிதாவுக்குத் தெரியும்.

"நீங்கள் ஒன்றாக இருந்தபோது, 'நீ எந்த நாட்டுக்காரன்' என்று உன் அண்ணனை யாராவது கேட்டதுண்டா?" என்றாள்.

ஏனோக் யோசித்தான். "உண்டு. போர்ப் பாளையத்தில் வர்ஜீனியாவிலிருந்து வந்த ஒருவன் கேட்டான்."

"என்ன சொன்னான்?"

"'என் நாடு மாசச்சூசெட்ஸ்' என்றான். அந்த ஆள் போனதும் என் காதில், 'தம்பி, இந்த அந்நியன்கள் பக்கத்தில் பூட்ஸைக் கழற்றி வைக்காதே' என்றான்."

சொல்லிவிட்டு ஏனோக் சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது.

தபிதா எழுந்து தோல்களை வாரினாள். "சுதந்திர தினம் வருகிறது. இந்த வருஷம் உங்கள் விருந்துக்குப் போகாதே. அவர்கள் விருந்துக்குப் போ. ரிப்பன் வேண்டாம். வாயைத் திறக்காதே. கேட்டுவிட்டு வா."

பெல்டனில் ஜூலை நான்குக்கு எப்போதும் இரண்டு விருந்து. குடியரசுக் கட்சிக்காரர்களுக்குத் துறைமுகத்தையொட்டிய சாராயக் கடையில். கூட்டாட்சிக் கட்சிக்காரர்களுக்கு மேட்டுப் புல்வெளியில். ஒரு பக்கம் பீரங்கி வெடித்தால் மறு பக்கம் அதைவிடப் பெரிதாக வெடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மானம் போய்விடும்.

அந்த வருஷம் துறைமுகத்தில் ஒரு பாய்மரமும் அசையவில்லை. அந்நிய நாடுகளோடு வியாபாரமே கூடாது என்று ஜனாதிபதி துறைமுகங்களை மூடியிருந்தார். அவர் தெற்கே வர்ஜீனியாக்காரர், ஏனோக்கின் கட்சி. அதனால் ஏனோக் மேட்டில் ஏறியபோது பார்த்தவர்கள் எல்லாம் முறைத்தார்கள். ஒருவன் அவன் காலடியில் துப்பினான். ஏனோக் ஒரு மேப்பிள் மரத்தடியில் ஒதுங்கி நின்றான்.

காலேப் கோப்பையோடு எழுந்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது. எப்போது இவ்வளவு வெளுத்தது என்று ஏனோக் எண்ணிப் பார்த்தான்.

"அமெரிக்கர்களே!" என்று தொடங்கினான் காலேப். வெர்மான்ட் மலையில் மரம் வெட்டுகிறவனைப் பற்றிப் பேசினான். கரோலினாவின் நெல் வயல்களைப் பற்றிப் பேசினான். அங்கெல்லாம் அவன் போனதே இல்லை. போரை நடத்திய தளபதியின் பேரைச் சொன்னதும் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். "வர்ஜீனியாவில், நம் மண்ணில், அவர் உறங்குகிறார்" என்றான். குரல் தழுதழுத்தது. பிறகு நிமிர்ந்து, "இந்த நாட்டைப் பிரான்ஸுக்கு விலை பேசுகிறவன் எவனும் அமெரிக்கன் இல்லை!" என்று முழங்கினான்.

கைதட்டலுக்கு நடுவே அவன் கண் மேப்பிள் மரத்தடிக்கு வந்தது. கோப்பை உதட்டருகே ஒரு கணம் நின்றது. பிறகு குடித்தான்.

ஏனோக் தபிதாவிடம் திரும்பி வந்தான்.

"என்ன கேட்டாய்?"

"திட்டினான். நாங்கள் அமெரிக்கர்களே இல்லையாம்."

"உங்கள் விருந்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

ஏனோக் தலையைக் குனிந்தான். "அதையேதான். அவர்கள் அமெரிக்கர்கள் இல்லை, ராஜாவின் அடிமைகள் என்போம்."

"வேறு என்ன சொன்னான்?"

"தளபதி நம் மண்ணில் உறங்குகிறார் என்றான்."

"எங்கே உறங்குகிறாராம்?"

"வர்ஜீனியாவில்."

ஏனோக்குக்கு அவள் கேட்டது மெல்ல உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது.

"சரி அம்மா. அன்று பாளையத்தில் அந்நியனுடையதாக இருந்த அந்த மண் இன்று அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. எனக்கும்தான். வருஷக்கணக்காக ஒருவர் பிடியிலிருந்து ஒருவர் இழுத்து இழுத்து இரண்டு பேருக்கும் சொந்தமாகிவிட்டது. அதற்கு விலையாக நான் என் அண்ணனைக் கொடுத்திருக்க வேண்டுமா?"

அந்தக் கேள்விக்கு அவள் அன்று பதில் சொல்லவில்லை.

குளிர்காலம் வந்தது. துறைமுகம் இன்னும் திறக்கவில்லை. கட்டிய படகுகள் கரையிலேயே மட்கின. மீன் உலர்த்துகிறவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கப்பல் முதலாளி ஜெர்ஷோம் பைக் ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னார். வடக்கு மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்து போக வேண்டும் என்று தீர்மானம் வரப்போகிறது, காலேப் அதை வழிமொழியப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு.

ஏனோக் தபிதாவிடம் ஓடி வந்தான். "நான் போகட்டுமா? போனால் அடித்தே விரட்டுவார்கள்."

"போ. அவன் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்."

கூட்டத்தில் தலைக்கு மேல் தலை. ஏனோக்கைப் பார்த்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவன் பக்கத்திலிருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். காலியான பெஞ்சில் அவன் தனியாக இருந்தான்.

ஜெர்ஷோம் பைக் நன்றாகப் பேசக்கூடியவர். "தெற்கத்திக்காரன் நமக்கு என்ன உறவு? அவன் புகையிலை விதைக்கிறவன், நாம் கடலில் போகிறவர்கள். அவன் போட்ட சட்டத்தில் நம் பிள்ளைகள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? கட்டிய கயிற்றை அறுப்போம்!" என்றார். பெஞ்சுகள் அதிர்ந்தன. ஜன்னலில் படிந்த பனி உதிர்ந்தது.

"காலேப், எழுந்திரு. வழிமொழி."

காலேப் எழுந்தான். முன் பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"என் பட்டறையில் புல் முளைத்துவிட்டது" என்றான். "இந்தச் சட்டத்தைப் போட்டவன் நாசமாய்ப் போகட்டும். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை."

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் அது அடங்கக் காத்திருந்தான்.

"ஆனால் பைக், எனக்கு ஒன்று சொல்லுங்கள். இந்த நாட்டுக்கு எது நல்லது என்றுதான் நான் என் தம்பியோடு சண்டை போட்டேன். எங்கள் அம்மாவைக் குழிக்குள் இறக்கிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். அவனுக்குப் பிறந்த பிள்ளைகளின் பெயர் எனக்குத் தெரியாது. எல்லாம் இந்த நாட்டுக்காக என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு நீங்கள் அந்த நாடே வேண்டாம் என்கிறீர்கள்."

இருமல் வந்தது. இருமி முடித்தான்.

"அப்படியானால் நான் எதற்காக அவனை இழந்தேன்?"

பெஞ்சின் முதுகிலிருந்து கைகளை எடுத்தான்.

"நான் வழிமொழிய மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காலேப் உட்கார்ந்தான்.

தீர்மானத்தை வழிமொழிய வேறு யாரும் எழவில்லை. கடைசியில், துறைமுகத்தைத் திறக்கச் சொல்லி ஜனாதிபதிக்கு ஒரு மனு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். ஏனோக்கும் கை தூக்கினான். தன் கட்சி ஜனாதிபதிக்கு எதிராகத் தூக்கியது அவன் கையா என்று அவனே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏனோக் படியிறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான். காலேப் வந்து பக்கத்தில் நின்றான். தம்பியைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தான்.

"உன் கட்சியைப் போல ஒரு மடக் கட்சி உலகத்திலேயே கிடையாது" என்றான்.

சற்று நேரம் நின்றான். பிறகு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.

ஏனோக் மூச்சிரைக்கத் தபிதாவின் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி மேசையில் போட்டான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அண்ணன் பேசினான், அம்மா."

"என்ன பேசினான்?"

சொன்னான். கூட்டத்தில் பேசியதையும் சொன்னான், வாசலில் பேசியதையும் சொன்னான்.

"நீ என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை. அவன் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்." அடுப்பருகே உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இத்தனை வருஷமாக நான் ஏங்கியது என்னைச் சுமந்துகொண்டு போன காலேப்புக்காக. இவன் அவன் இல்லை. இவன் தொப்பியில் இன்னும் அந்தக் கறுப்பு ரிப்பன் இருக்கிறது. நாளைக்கும் என்னைத் திட்டுவான். அந்தப் பழைய அண்ணன் இனி வரவே மாட்டானா?"

"வரமாட்டான்" என்றாள் தபிதா.

ஏனோக் நிமிர்ந்து பார்த்தான். அவள் எழுந்து வந்து அவன் தொப்பியை எடுத்துப் பனியைத் தட்டினாள். அவன் கையில் கொடுத்தாள்.

"உன்னைத் திட்டிவிட்டு ஒருவன் பதிலுக்காகக் காத்திருக்கிறான். இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாய்? போய்ப் பதில் சொல்."

ஏனோக் தொப்பியை வைத்துக்கொண்டு வாசல்வரை போனான். அங்கே தயங்கினான்.

"பதில் சொன்னால் அவன் மறுபடி ஏதாவது சொல்வான். இந்தச் சண்டை முடியாதே, அம்மா?"

"முடித்துவிடாதே" என்றாள் தபிதா. "முடித்துவிட்டால் நாளைக்கு எதைச் சொல்லிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவாய்?"