உலைக்கு ஐம்பது பொன்

முன்னொரு காலத்தில், ஓர் ஆற்றின் இக்கரையில் இருந்த செம்மண் நாட்டை மழவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஓர் இடத்தில் உட்காரமாட்டார். வழக்கு சொல்ல வந்தவன் கும்பிட்டு நிமிர்வதற்குள் ராஜா ஜன்னலோரம் போயிருப்பார். முடிவும் அங்கிருந்தே வந்து விழும்.

ஒருநாள் ஊர்க்காரர்கள் வந்து முறையிட்டார்கள். "சாமி, கொல்லுப்பட்டறைகள் பெருகிப்போச்சு. வேலைக்கு எங்கிருந்தெல்லாமோ ஆள் வருது. குடியிருக்க வீடில்லை. மாட்டுக்கொட்டகைக்கு வாடகை கேக்கிறாங்க."

அரண்மனைக் காரியக்காரர் சொக்கேசர் முந்திக்கொண்டார். மந்திரி தாண்டவன் வாயைத் திறப்பதற்குள் எதையாவது சொல்லிவிட வேண்டும், அதுதான் அவருடைய வாழ்நாள் நோய். "கூட்டத்தைக் கொண்டுவந்தவன் பட்டறைக்காரன், பிரபு. புதிதாக மூட்டும் உலை ஒவ்வொன்றுக்கும் ஐம்பது பொன் வாங்குவோம். அந்தப் பொன்னில் வீடு கட்டுவோம்."

"வீட்டுக்கு ஆணியும் கீலும் அந்த உலையிலிருந்துதானே வரணும்?" என்றார் தாண்டவன். "சின்னப் பட்டறைகளுக்காவது விலக்கு கொடுங்கள்."

"யாருக்கும் விலக்கு கிடையாது என்றே எழுதுங்கள்" என்றார் சொக்கேசர். ராஜா நடந்தபடியே ஓலையில் முத்திரை வைத்துவிட்டார்.

ஆறு மாதம் போனது. புது உலை ஒன்றுகூட எழவில்லை. ஆணி அக்கரையிலிருந்து இரண்டு மடங்கு விலைக்கு வந்தது. பொன் வரும் என்று நம்பிக் கட்டிய மூன்று வீட்டுக்கும் கதவு மாட்டக் கீல் இல்லை, உள்ளே ஆடுகள் குடியேறிவிட்டன. இருந்த வீடுகளின் வாடகையோ இன்னும் ஏறியது.

நாற்பது பேருக்கு வேலை கொடுத்த வீரணாசாரியின் பழைய உலை மழையில் இடிந்தது. திரும்பக் கட்டினால் அதுவும் புது உலைதான் என்று சொக்கேசரின் ஆட்கள் வாசலில் நின்றார்கள். ஆசாரி பட்டறைக்கல்லை வண்டியில் ஏற்றினார். நாற்பது குடும்பமும் பின்னால் புறப்பட்டது. காலையிலேயே சில வண்டிகள் ஆற்றில் இறங்கிவிட்டன.

சேதி தாண்டவன் காதுக்கு எட்டியது. ராஜாவிடம் நியாயம் பேச நேரமில்லை, பேசினாலும் அவர் நின்று கேட்கப்போவதில்லை. மந்திரி நேரே அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனார். சமையற்காரர்களுக்கு ராஜாவின் ஓலையை வாசித்துக் காட்டினார். அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார்.

உச்சிப்பொழுதானது. இலை வந்தது, சோறு வரவில்லை. ராஜா அறைக்கும் கூடத்துக்கும் ஏழு தடவை நடந்துவிட்டார்.

"யாரய்யா என் சோற்றை நிறுத்தியது?"

"உங்கள் ஓலைதான், மகாராஜா" என்றார் தாண்டவன். "நேற்று வைத்த உலை பழையது. இன்றைக்கு வைப்பது புது உலை. ஐம்பது பொன் கட்டாமல் எப்படி மூட்டுவது?"

சொக்கேசர் பாய்ந்து வந்தார். "பிதற்றாதேயும். ஓலை சொல்வது கொல்லன் உலையை. சோற்று உலையை இல்லை."

"ஓலையில் உலை என்றுதான் இருக்கிறது. யாருக்கும் விலக்கு இல்லை என்றும் இருக்கிறது, நீங்கள் சொல்லி எழுதியதுதான். எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, ஐயா. வீரணாசாரியின் பட்டறையில் உலை அணைந்த அன்றே நாற்பது வீட்டில் சோற்று உலையும் அணைந்துபோனது. அவர்கள் இப்போது ஆற்றைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்."

ராஜா நடப்பதை நிறுத்தினார். அவர் அசையாமல் நின்றதை அந்த அரண்மனை பார்த்தது அன்றுதான். வயிறு வேறு சத்தம் போட்டது. "நாற்பது வீடுமா?" என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

பல்லக்குக்குக்கூடக் காத்திராமல், ஓலையை வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். தாண்டவனும் சொக்கேசரும் பின்னால் ஓடினார்கள். வீரணாசாரி வண்டியோரம் நிற்க, அவர் மனைவி பேச்சி மணலில் மூன்று கல்லைக் கூட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயே, எனக்கும் ஒரு பிடி சோறு போடு."

"போடலாம் சாமி. புது உலையாச்சே, ஐம்பது பொன்னுக்கு நான் எங்க போவேன்?"

ராஜா கையிலிருந்த ஓலையை நாலாக ஒடித்துக் கல்லுக்கு நடுவே செருகினார். "உலைக்குப் பொன் வேண்டாம், ஆசாரி. நீ கொண்டுவந்த ஆட்களால் நாடே வாழ்ந்தது, வீட்டையும் நாடே கட்டட்டும். என் குதிரைகள் ஓடுகிற மைதானம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே கட்டுவோம். அதுவரை குதிரை லாயம் உங்களுக்கு." பிறகு சொக்கேசரைப் பார்த்தார். "தீ பிடிக்கவில்லை. குனிந்து ஊதும்."

சொக்கேசர் பட்டு உத்தரீயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊதினார். கண்ணெல்லாம் புகை. இருபத்தொன்பது வண்டிகள் திரும்பின. முன்னாலேயே கடந்துபோன பதினோரு குடும்பம் கூப்பிட்டும் வரவில்லை. அக்கரையில் அவர்களுக்கு வேலையும் வீடும் கிடைத்துவிட்டது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். "வேறென்ன வேண்டும், கேளும்."

"ஒன்றே ஒன்று, மகாராஜா. இனிமேல் ஓலைக்கு முத்திரை வைப்பதானால், சாப்பாட்டுக்கு முன்னால், பசியோடு வையுங்கள்."