பாசித் தொட்டியில் முத்தரசி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மந்திரவாதிகள் தெருவில் சர்வசாதாரணமாக நடமாடிய காலத்தில், ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றில் பவளாயி, முத்தரசி என்று அக்கா தங்கை இருவர் இருந்தார்கள். தாயுமில்லை, தகப்பனுமில்லை. ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. அக்கா பவளாயிக்கோ சுத்தம் என்றால் உயிர். நாளெல்லாம் துடைப்பாள், தேய்ப்பாள், அலசிக் கொட்டுவாள். அவள் கழுவிய தரையில் உட்கார ஈ கூட யோசிக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஒருநாள் சேற்றுக்காலோடு ஒரு மந்திரவாதி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

"உள்ளே வராதேயும். இப்பத்தான் கழுவினேன்" என்று விரட்டினாள் பவளாயி.

அவனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. விரலைச் சொடுக்கினான். பக்கத்தில் நின்ற முத்தரசியைக் காணோம். தரையில் ஒரு சின்னச் சிவப்பு இறால் துள்ளிக்கொண்டிருந்தது!

"கண்ணாடித் தொட்டியில் ஆற்றுத் தண்ணியும் செடியுமாக இவளை வளர்த்துப் பார். மூணு தரம் சட்டை உரிச்சால் திரும்பப் பெண்ணாவாள். அதற்குள் செத்தால் செத்ததுதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

பவளாயி அழுதுகொண்டே தொட்டியில் மணல் பரப்பி, செடி நட்டு, ஆற்றுத் தண்ணீர் ஊற்றித் தங்கையை அதில் விட்டாள். ஆனால் கை சும்மா இருக்குமா? தினமும் கண்ணாடியைத் துடைத்தாள், பாசியைத் தேய்த்தாள், தண்ணீரை மொத்தமாகக் கொட்டிப் புதுசு ஊற்றினாள்.

ஒரு காலை, தொட்டியின் அடியில் இறால் அசையாமல் கிடந்தது. பவளாயிக்கு உயிரே போய்விட்டது. அப்போது இலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "நான் இங்கே இருக்கேன்க்கா. அது என் பழைய சட்டை."

வந்த சந்தோஷத்தில் சட்டையை எடுத்துத் தூர எறிந்தாள். மறுபடியும் துடைத்தாள், தேய்த்தாள், கொட்டினாள்.

இரண்டாம் சட்டை உரிந்தபோது முத்தரசி நிறம் வெளுத்து, ஒருக்களித்துக் கிடந்தாள்.

"கோவிச்சுக்காதேக்கா. உரிச்ச சட்டையைத் தின்னால்தான் புதுச்சட்டை கெட்டிப்படும். அதை எறிஞ்சுட்டே. பாசிதான் எனக்குச் சோறு. அதைத் தேய்ச்சுட்டே. பழகின தண்ணியையும் கொட்டிட்டே. கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கிட்டு உட்காருக்கா."

நானேதான் இவளைக் கொல்லப் பார்த்தேனா என்று பவளாயி தலையில் அடித்துக்கொண்டாள். அன்றோடு துடைக்கும் துணியை ஆணியில் மாட்டினாள்.

துடைக்கவில்லை, தேய்க்கவில்லை, கொட்டவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு செம்பு ஆற்றுத் தண்ணீர் மட்டும் மெல்ல ஊற்றினாள். கண்ணாடி பச்சையானது. நத்தைகூட வந்து சேர்ந்தது. "பவளாயி வீடா இது?" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். பவளாயிக்குக் கை பரபரவென்று வந்தது. கைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே முத்தரசி சட்டையைத் தின்றாள், நாள் முழுக்கப் பாசியை மேய்ந்தாள். உடம்பில் சிவப்பு திரும்பியது.

மூன்றாம் சட்டை பிடரியில் வெடித்தது. தொட்டி தளும்பி வழிந்தது. தலையெல்லாம் பாசியும் உடம்பெல்லாம் சேறுமாக முத்தரசி கூடத்தில் நின்றாள்.

"அக்கா, தரை..."

"தரை கிடக்குது போடி" என்று கட்டிக்கொண்டாள் பவளாயி. பிறகு தொட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பாசியே, நத்தையே, நீங்க நல்லா இருக்கணும். நான் அழுக்குன்னு விரட்டினேன். நீங்கதான் என் தங்கச்சிக்குச் சோறு போட்டீங்க."

வாசலில் நிழல் தட்டியது. அதே மந்திரவாதி, அதே சேற்றுக்கால். பவளாயி செம்பு நிறையத் தண்ணீரோடு வாசலுக்கு ஓடினாள்.

"உள்ளே வாங்கய்யா. அன்னைக்கே கொடுத்திருக்கணும்."

அவன் நனைந்த கூடத்தைப் பார்த்தான், தன் காலையும் பார்த்தான்.

"இரு தாயி, கால் கழுவிட்டு வர்றேன்" என்றான்.