புங்கம்பூ போன பக்கம்

வேனல் கொளுத்திய ஒரு காட்டில் எல்லாக் குட்டைகளும் வற்றிப்போய், புங்க மரத்தடிக் குட்டையில் மட்டும் தண்ணீர் மிச்சமிருந்தது, குழந்தைகளே. அதன் மண்கரையில் வளை தோண்டி ஒரு பெருச்சாளி தன் குட்டிகளோடு வாழ்ந்தது. சும்மா இருக்கவே தெரியாத பெருச்சாளி அது. தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, தினமும் நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கவலைப்படும்.

"நேற்று தண்ணீரில் நட்ட குச்சி இன்று வெறும் தரையில் நிற்கிறது. யாரோ அளவுக்கு மீறிக் குடிக்கிறார்கள்" என்றது பெருச்சாளி.

"யாரோ என்று ஏன் இழுக்கிறாய்? என்னைத்தானே சொல்கிறாய்?" என்றது காட்டுப்பன்றி.

"குடித்தால்கூடப் பரவாயில்லை, அண்ணா. உள்ளே இறங்கிப் புரளவும் வேண்டுமா?"

"நாக்கை நனைத்துவிட்டுப் போக என் உடம்பு என்ன எலி உடம்பா?"

பன்றி சீறிக்கொண்டு முன்னால் வந்தது. அப்போது கிளையிலிருந்து 'கிண்' என்று மணியோசை கேட்டது.

அந்த ஓசையை எழுப்பியது மைனா. போன மழைக்காலம் முழுவதும் அந்தக் கரையில் ஒரு புத்த பிக்கு தங்கியிருந்தார். அவர் மணியைத் தட்டினால், கேட்டவர்கள் செய்வதை அப்படியே நிறுத்திக் கண்ணை மூடி, ஒரு மூச்சை நிதானமாக இழுத்து விட வேண்டும். மழை ஓய்ந்ததும் பிக்கு போய்விட்டார். மணியோசை மைனாவின் தொண்டையில் தங்கிவிட்டது. அது கேட்டால் சண்டைக்காரர்களும் நிற்பார்கள். அதனால்தான் இந்த வறட்சியிலும் அங்கே இரத்தம் சிந்தவில்லை.

பன்றி சேற்றில் பாதியும் வெளியே பாதியுமாக நின்றது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். பெருச்சாளிக்கு மட்டும் மூட மனம் வரவில்லை.

கலங்கிய நீர் மெல்லத் தெளிந்தது. மேலே ஒரு புங்கம்பூ மிதந்தது. காற்றே இல்லை. ஆனாலும் பூ நகர்ந்தது. கரையை நோக்கிப் போய், ஓரிடத்தில் சுழன்று, உள்ளே இழுபட்டு மறைந்தது.

பெருச்சாளி அந்த இடத்தை உற்றுப் பார்த்தது. குட்டிகள் வெக்கை தாங்காமல் அழுதபோது, குளிர்ந்த மண்ணைத் தேடி அது வளையை நீட்டித் தோண்டிய இடம் அது. வளையின் அடி எப்போதும் ஈரமாக இருப்பதைப் பார்த்து, நல்ல வீடு அமைந்தது என்று மகிழ்ந்திருந்தது. குட்டைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் கரைக்கு அப்பால் இருந்த மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு பூவும் அதே பக்கம் நகரத் தொடங்கியது. பெருச்சாளி வாலால் அடித்து நீரைக் கலக்கிவிட்டது.

"மூச்சு விடும்போதுகூட உன் வால் நிற்காதா?" என்றது பன்றி.

"ஈ கடித்தது, அண்ணா."

மறுநாள் தண்ணீர் இன்னும் இறங்கியிருந்தது. பன்றி எல்லாரையும் கூட்டியது. "இங்கே கடைசியாக வந்தது யார்? புள்ளிமான். அது போகட்டும்."

மான் தன் குட்டியைக் காலுக்கிடையில் ஒதுக்கிக்கொண்டது. "எங்கே போவேன்? எங்கள் மலையில் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள். ஓடை செத்த பிறகுதான் இங்கே வந்தேன். இனித் தண்ணீர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இவள் இந்த வெயிலில் நடக்க மாட்டாள்."

"அது உன் பாடு."

மான் பெருச்சாளியிடம் திரும்பியது. "அக்கா, தினமும் குச்சி நட்டுப் பார்ப்பவர் நீங்கள். நான் வந்த பிறகுதான் தண்ணீர் குறைந்ததா? உள்ளதைச் சொல்லுங்கள்."

எல்லாக் கண்களும் பெருச்சாளியின் மேல் நின்றன. சொன்னால் வளை போகும். பன்றியின் கோபத்துக்கு முன்னால் குட்டிகள் என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால் மான்குட்டி பிழைக்காது.

"குச்சிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்தது பெருச்சாளி.

மான் திரும்பிக்கொண்டது. குட்டியை அணைத்தபடி நடந்தது. மரநிழல் முடிகிற இடத்தில் அது காலை எடுத்து வைக்கும்போது மைனா மணியோசை எழுப்பியது.

விரட்டப்பட்ட மானும் நின்றது. தூக்கிய கால் தூக்கியபடி இருக்கக் கண்ணை மூடியது. அம்மாவைப் பார்த்துக் குட்டியும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி நின்றது.

பெருச்சாளி நீரில் மிதந்த ஒரு புங்கம்பூவைக் காட்டிக் கத்தியது.

"கண்ணைத் திறங்கள். எல்லாரும் அந்தப் பூவைப் பாருங்கள்."

"மணி கேட்டால் பேசக் கூடாது" என்றது மைனா.

"தெரியும், தம்பி. நீயும் பார்."

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். பூ நகர்ந்தது, கரையோரம் சுழன்றது, மறைந்தது. பன்றி பாய்ந்துபோய்க் கரையை முகர்ந்தது.

"இது யார் வளை?"

"என்னுடையது. நேற்றே எனக்குத் தெரியும்."

பன்றியின் பிடரி சிலிர்த்தது. அதன் கோரைப்பல் கரை மண்ணைக் கீறியது. "காட்டையே திட்டித் தீர்த்தாயே."

"திட்டினேன். உள்ளே குட்டிகள் இருக்கின்றன. அவற்றை எடுக்கும்வரை பொறுங்கள், அண்ணா. பிறகு மிதியுங்கள்."

பன்றிக்கு மூச்சிரைத்தது. அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. மைனா அவசரமாக அலகைத் திறந்தது.

"மணி வேண்டாம்" என்றது பன்றி. "நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்."

பெருச்சாளி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து வெளியே போட்டது. பன்றி ஏறி மிதிக்க, வளை பொதபொதவென்று உள்வாங்கியது. திரும்பி வந்த மான் களிமண்ணைக் குளம்பால் தள்ளிக்கொடுத்தது. பெருச்சாளி தன் வாசலைத் தானே அடைத்தது. நீர் ஒழுகுவது நின்றது.

குட்டிகள் சிணுங்கின. "அம்மா, சுடுகிறது. வீட்டுக்குள் போகலாம்."

"சுடத்தான் செய்யும்" என்றது பெருச்சாளி. "வாருங்கள், தண்ணீர் இருக்கிறது. குடிக்கலாம்."

நீதி: எல்லாருக்கும் பொதுவானது குறையும்போது, அடுத்தவர் வாயைப் பார்க்கும் முன் நம் வீட்டின் அடியைப் பார்க்க வேண்டும், பார்த்ததை மறைக்கவும் கூடாது.